ஆறாவது கோடு

ராஜகீழ்ப்பாக்கம்
9 நவம்பர் 2024, இரவு 1.20

அடியே கெசி,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் என் கை என்னுடையதாக இல்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். திருப்தி இல்லாமல் இன்னொரு தரம் பார்த்தேன். அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தேன். போனில் பேசலாமென்றால் நான் கிசுகிசுத்தாலே எழுந்துவிடுகிறாள். உன் அறையில் டவர் கிடையாது, விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குள் போன் கூடாது. அதனால் இனி நமக்கு மெயிலில் கடிதம்தான். படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டே சீட்டு எழுதி எறிந்தவர்கள்தானே நாம்.

நாலு மாதம் முடிந்துவிட்டது. எடை போதவில்லை என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி குடித்தாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு கக்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். மோகன்ராஜ் ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வந்து அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கும் லாக்புக் போட்டுட்டியா?" என்கிறார். கட்டிய மனைவி விமான இன்ஜினியர் என்பது இவருக்கு இன்னும் வேடிக்கைதான். நேற்று, கிலோ ஞாபகமாகவே இருக்கிறது என்றேன். பாப்பா எடையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அது ஒரு பயிற்சி விமானம், பதிவு எண்ணின் கடைசி எழுத்து கே, ரேடியோ பாஷையில் அது கிலோ என்று விளக்க வேண்டியிருந்தது.

கிலோ எப்படி இருக்கிறது? நம் விமானப் பயிற்சி ஸ்கூலில் இருக்கும் நாலு விமானத்தில் அது ஒன்றுதான் என் பேச்சைக் கேட்கும். ஏழாம் மாதம் வரைக்கும் அதன் வயிற்றுக்கடியில் என் வயிற்றையும் தூக்கிக்கொண்டு தவழ்ந்தேனே.

அரை பாட்டில் விஷயம் ஒழுங்காக நடக்கிறதா? எண்ணெய் பாதி ஊற்றி மிச்சம் வைக்கிற பாட்டிலில், அது எந்த விமானத்துடையது என்று மார்க்கரில் எழுதி ரேக்கில் வைக்க வேண்டும். பாட்டில் காலியானதும் அந்த விமானத்தின் பதிவேட்டில் ஒன்று என்று போட்டால் போதும். அரை அரையாக எழுதிக்கொண்டு உட்காராதே. அந்த ஹேங்கரில் நான் கொண்டுவந்த ஒரே சீர்திருத்தம் அது.

ஒரு வயது ஆனதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன். என் ஸ்பேனர் பெட்டியை யாருக்கும் கொடுக்காதே.

உன்
ஹேமா

---

16 நவம்பர் 2024

தாயார் ஹேமாவதி அவர்களின் சமூகத்துக்கு,

கெசியா எழுதிக்கொள்வது. உன் ஸ்பேனர் பெட்டி பத்திரம். பதிமூன்றாம் நம்பர் மட்டும் காணவில்லை. என்னைச் சந்தேகப்படலாம்.

இந்த வடக்கத்தி ஊரில் அதே தூசி, குளிர், ரொட்டி. நீ போனபிறகு உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. உன் வேலையும் என் வேலையும் சேர்த்து நான்தான். ஹேங்கர் பொறுப்பாளர் பத்ரிநாராயணன் சார் தினமும் காலையில் வந்து, "கெசியா, நீதான்மா இந்த ஹேங்கருக்கு வலது கை" என்கிறார். சாயங்காலம் வரைக்கும் இடது கையும் நான்தான்.

நம்ம படப்பை மஹாலட்சுமி போன வாரம் முதல் தடவை தனியாகப் பறந்தாள். இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அக்கா, கை நடுங்கலை, கால்தான் நடுங்குச்சு" என்றாள். ஊரிலிருந்து அவள் அப்பா அனுப்பிய மிக்சரை ஹேங்கர் முழுக்கக் கொடுத்தாள். உனக்கும் பங்கு எடுத்துவைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டேன்.

மார்க்கர் கதை முடிந்துபோனது. பாதி பாட்டில்கள் பேரோடு ரேக்கில் நின்றால் தணிக்கைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்களாம். இப்போது எல்லாம் இரும்பு அலமாரிக்குள். எவன் வேண்டுமானாலும் எதையும் எடுத்து ஊற்றலாம். யார் கையில் பாட்டில் காலியாகிறதோ அவர் எந்த விமானத்தில் நிற்கிறாரோ அதன் பேரில் ஒன்று. மொத்தக் கணக்கு சரியாகத்தானே வருகிறது என்கிறார் சார்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் ஹேமா. கிலோ குடிக்கிறது. முன்பெல்லாம் பத்து மணி நேரம் பறந்தால் ஒரு பாட்டில் எண்ணெய். இந்த மூன்று வாரமாக மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. எண்ணெய் அளக்கிற குச்சியில் எட்டாவது கோடு வரைக்கும் நான் ஊற்றுவதில்லை, நீ சொன்னபடி ஆறாவது கோட்டோடுதான் நிறுத்துகிறேன். ஒரு கோட்டுக்கு ஒரு பாட்டில். ஒன்றரை மணி நேரம் பறந்து வந்தால் ஐந்தரை காட்டுகிறது. அரை ஊற்றுகிறேன். அந்த அரை எங்கும் பதிவாவதில்லை, காலியாகும்போது பாதி நாள் வேறு விமானத்தின் பேரில் போய்விடுகிறது. பேப்பரில் கிலோ நல்ல பிள்ளை.

சாரிடம் சொன்னேன். "பழைய இன்ஜின்மா, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். சிலிண்டரைக் கழட்டினா ஒரு வாரம் நிக்கும். பசங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். என் அனுபவப் புத்தகம் அவர் மேஜையில் கையெழுத்துக்காக இருக்கிறது. அது இல்லாமல் நான் லைசென்ஸ் பரீட்சை எழுத முடியாது. உனக்குத் தெரியாததில்லை.

நீ லைசென்ஸ் வாங்கியவள். நான் சும்மா பயப்படுகிறேனா, உள்ளே நிஜமாகவே எதுவோ போய்விட்டதா? நீ ஒரு வார்த்தை சொன்னால் அதை வைத்துக்கொண்டு சாரிடம் மறுபடி பேசுவேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். விரலை மூக்கில் விட்டுவிடாதே.

கெசி

---

ராஜகீழ்ப்பாக்கம்
30 நவம்பர் 2024, இரவு 2 மணி

கெசிக் கண்ணே,

பதில் போட இரண்டு வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. தடுப்பூசி போட்டு வந்ததிலிருந்து பாப்பாவுக்குக் காய்ச்சல். மூன்று ராத்திரி தோளிலேயே தூங்கினாள். வெளியே மழை, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வேளச்சேரி ரோட்டில் ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். மோகன்ராஜ் நைட் ஷிப்ட். தெர்மாமீட்டரைப் பார்ப்பதும் மழையைப் பார்ப்பதுமாக நான்.

மஹா தனியாகப் பறந்துவிட்டாளா? என் மிக்சரைத் தின்றதற்கு உனக்குத் தனியாகக் கச்சேரி இருக்கிறது.

கிலோ குடித்தால் குடிக்கட்டும் விடு. இங்கே ஒன்று குடிக்கவே மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறது, அதற்கு இது தேவலை. நீங்கள் எட்டு வரைக்கும் ஊற்றியிருப்பீர்கள். அந்த இன்ஜின் அப்படித்தான், ஆறுக்கு மேலே இருக்கிற இரண்டையும் மூச்சுக்குழாய் வழியாக வயிற்றுக்கடியில் துப்பிவிடும். நீ மறுபடி ஊற்றுவாய், அது மறுபடி துப்பும். என் பெண் மாதிரியேதான். ஆறில் நிறுத்து, சரியாகிவிடும். இறங்கியவுடனே குச்சியைப் பார்க்காதே, எண்ணெய் கீழே வடியப் பத்து நிமிஷம் பொறு.

சாரோடு மல்லுக்கு நிற்காதே. முதலில் கையெழுத்தை வாங்கு.

அழுகிறாள். போகிறேன்.

ஹேமா

---

22 டிசம்பர் 2024

ஹேமா,

செவ்வாய்க்கிழமை கிலோ விழுந்துவிட்டது.

மஹாலட்சுமி தனியாகப் போயிருந்தாள், நீண்ட தூரப் பயிற்சி. இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பும் வழியில் எண்ணெய் அழுத்தம் இறங்குகிறது என்று ரேடியோவில் சொன்னாள். நாலு நிமிஷத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பருத்திக் காட்டில் இறக்கினாள். நன்றாகத்தான் இறக்கியிருக்கிறாள். வரப்பில் முன்சக்கரம் மாட்டி மூக்கு குத்திக்கொண்டது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை. கால் விரல்கள் அசைகின்றன.

நான் போய்ப் பார்த்தபோது கிலோவின் வயிறு முழுக்க வால் வரைக்கும் எண்ணெய் வழிந்து கறுத்திருந்தது. இன்ஜினுக்குள் ஒன்றரை பாட்டில்கூட மிச்சமில்லை.

விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். யாரோடும் இதைப் பேசக்கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார். எனக்குப் போன் செய்யாதே.

கெசியா

---

ராஜகீழ்ப்பாக்கம்
26 டிசம்பர் 2024

அன்புள்ள கெசியா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பால் வற்றிப்போன மாதிரி இருக்கிறது. பாப்பா வேறு கத்துகிறாள். மஹா எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்? நடப்பாளாமா?

விசாரணையில் உன்னை என்ன கேட்டார்கள்? அரை பாட்டில் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்ததா? அதை யார் ஆரம்பித்தது என்று கேட்டார்களா? நான் செய்தபோது பேர் எழுதி வைத்துத்தான் செய்தேன், ஒரு சொட்டுகூட இன்னொரு விமானத்துக்குப் போனதில்லை, அது உனக்கே தெரியும். பேர் எழுதுவதை நிறுத்தியது நான் போன பிறகு. அதைத் தெளிவாகச் சொன்னாயா? என் பேர் எங்காவது வந்ததா? நான் மறுபடி வேலைக்கு வரவேண்டியவள் கெசி. இதில் என் லைசென்ஸுக்கு ஒன்று ஆனால், அப்புறம் எந்த ஹேங்கரில் என்னை நிற்கவிடுவார்கள்?

ஒரு வரியாவது எழுது.

ஹேமா

---

12 ஜனவரி 2025

ஹேமா,

மஹா நடப்பாளா என்று ஒரு வரி. உன் பேர் வந்ததா என்று ஒன்பது வரி. எண்ணிப் பார்த்தேன்.

உன் பேர் வரவில்லை. அரை பாட்டில் பேச்சும் வரவில்லை. பதிவேட்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். கிலோ பத்து மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் குடிக்கிறது என்று அதில் இருக்கிறது. அப்படித்தானா என்று கேட்டார்கள். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். பத்ரி சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜனவரி மூன்றாம் தேதி என் அனுபவப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷத்துப் பாக்கிப் பக்கம் முழுக்க, ஒரே உட்காரலில். பேனாவைக்கூட மாற்றவில்லை.

நீ சொன்னபடி முதலில் கையெழுத்தை வாங்கிவிட்டேன். சந்தோஷமா?

நான் உன்னைக் கேட்டேன் ஹேமா. எட்டு வரைக்கும் ஊற்றுவதில்லை, ஆறோடு நிறுத்துகிறேன் என்று எழுதினேன். நீ ஆறில் நிறுத்து என்று பதில் போட்டாய். என் கடிதத்தை நீ படிக்கவே இல்லை. படித்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். சிலிண்டருக்குள் வளையம் உடைந்து உள்ளே காற்று ஏறினால்தான் ஆறிலிருந்தும் இப்படித் துப்பும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீ. கழட்டிப் பார் என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் நான் சாரிடம் போயிருப்பேன். போயிருப்பேனா என்று இப்போது யாருக்குத் தெரியும். ஆனால் நீ எழுதவில்லை.

உன் மகள் குடிக்கிற ஒவ்வொரு மில்லியையும் நோட்டில் எழுதுகிறாய். கிலோ குடித்ததைக் கேட்டதும் உனக்குச் சிரிப்பு வந்தது.

வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ ஊருக்குப் போனாய். எல்லோரும் மாலை போட்டு அனுப்பினோம். உன் வேலை என் தலையில் விழுந்தது, அதை நீ ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை. என் ஸ்பேனர் பெட்டி, என் கிலோ, என் சீர்திருத்தம் என்று எழுதினாய். இங்கே இருந்தது நான்.

நமது கடிதங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நீயும் அழித்துவிடு. உனக்கும் அதுதான் நல்லது. பரீட்சை மார்ச் மாதம். அதுவரைக்கும் எனக்கு எழுதாதே.

கெசியா

---

ராஜகீழ்ப்பாக்கம்
8 பிப்ரவரி 2025, இரவு 12.40

கெசியா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை படப்பைக்குப் போனேன். மஹாவை ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தாம்பரத்தில் பஸ் பிடித்து, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மோகன்ராஜிடம் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. ஒரகடம் பக்கம் இருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்றுத்தான் இவளைப் படிக்க அனுப்பினார்களாம். அவள் அப்பா துரைராஜ் வாசலில் நின்றிருந்தார். நான் அந்த ஹேங்கரில் வேலை பார்த்தவள் என்றதும் உள்ளே கூப்பிடவில்லை. பாப்பாவைப் பார்த்துவிட்டுத்தான், "கொயந்தைய வெயில்ல வச்சிக்கினு நிக்காதம்மா, வா" என்றார்.

உள்ளே போனதும் ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். விசாரணைக் குழு அனுப்பியது. இங்கிலீஷில் இருக்கிறது, நீயே படிச்சி சொல்லு என்றார். படித்தேன். இறுகிப்போன இன்ஜினுக்குள் எது முதலில் உடைந்தது என்று சொல்ல முடியவில்லை, பதிவேட்டின்படி அந்த விமானம் பத்து மணி நேரத்துக்கு ஒரு பாட்டில்தான் குடிக்கும், ஆகவே ஆறு பாட்டிலோடு கிளம்பியிருந்தால் இரண்டரை மணி நேரத்தில் காலியாகியிருக்க வழியில்லை, ஆகவே குறைந்த அளவு எண்ணெயோடுதான் கிளம்பியிருக்கிறது, ஆகவே ஏறுமுன் மாணவி குச்சியை எடுத்துப் பார்க்கவில்லை. மாணவி தன் பதிலைத் தரலாம். பதினைந்தாம் தேதிக்குள்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பாத்துகினுதாம்மா ஏறிச்சு. ஆறு கீதுன்னு வாய்வுட்டு சொல்லிகினுதான் குச்சிய உள்ள சொருகிச்சாம். இன்னாத்துக்குமா பொய் சொல்லப்போவுது? விழுந்ததும் அது, முதுவு ஒடைஞ்சதும் அது, இப்ப தப்பும் அதும்மேலயா?" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மஹா கட்டிலில் பட்டை கட்டிப் படுத்திருந்தாள். பாப்பாவின் காலைப் பிடித்து விளையாட்டுக் காட்டினாள். நடப்பாளாம், மே மாதம் ஆகும். மறுபடி பறக்க விடுவார்களா என்பது விசாரணைக் குழுவின் முடிவைப் பொறுத்தது. அவள் அப்பா வெளியே போனதும் என்னிடம் கேட்டாள்: "அக்கா, நான் நிஜமா பார்த்தேனா? அன்னிக்குப் பார்த்ததா, முந்தின நாள் பார்த்ததான்னு எனக்கே டவுட்டா இருக்கு. எல்லாரும் சொல்றாங்க இல்ல, ஒருவேளை பார்க்காமத்தான் ஏறிட்டேனோ?"

பத்தொன்பது வயதுப் பெண் கெசியா. கண்ணால் பார்த்ததை இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிட்டாள்.

நீ பார்த்தாய், ஆறு இருந்தது என்று அவளிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்க மறந்து இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

உன் ஜனவரிக் கடிதத்தில் இருப்பதெல்லாம் உண்மை. எனக்கு வந்த கேள்வியை நான் படிக்கவில்லை. முதல் வரியைப் பார்த்ததும் பதில் என் கையிலேயே இருந்தது. எண்ணெய் குறைகிறது என்றால் எட்டு வரைக்கும் ஊற்றியிருப்பார்கள். நூறு பேருக்குச் சொன்ன பதில். நூறு தரம் சரியாகவும் இருந்தது. அரை பாட்டில் பழக்கமும் நான் போட்டதுதான். பேர் எழுதி வைத்தேன் என்பது ஒரு சாக்கு. காலையில் அரை என்றும் மாலையில் அரை என்றும் எழுத ஒரு நிமிஷம் ஆகும். அந்த நிமிஷத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்ததையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னது நான் இல்லை கெசியா. அந்த வாக்கியத்தை நீ யோசித்துத்தான் கட்டியிருக்கிறாய். அதில் பொய் இல்லை, அதனால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன் கையாலேயே வாரக்கணக்கில் அரை அரையாக ஊற்றினாய். மஹா உன்னைக் கட்டிப்பிடித்ததை நீதான் எனக்கு எழுதினாய்.

கடிதங்களை நான் அழிக்கவில்லை. இன்று சாயங்காலம் விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். என் வாக்குமூலம் இரண்டு பக்கம். கூடவே மூன்று கடிதங்கள்: அரை பாட்டில் பற்றி நவம்பர் ஒன்பதாம் தேதி நான் எழுதியது, கிலோ குடிக்கிறது என்று நீ எழுதியது, குடிக்கட்டும் விடு என்று நான் எழுதியது. உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய். அதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் பதினைந்தாம் தேதியைத் தாண்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மோகன்ராஜுக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "உன்னை யாரும் கேக்கலையே ஹேமா. கேக்காததுக்கு ஏன் பதில் சொல்ற?" என்றார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். லைசென்ஸ் போகலாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவேன் என்றதெல்லாம் இனி இல்லை. ஸ்பேனர் பெட்டியை நீயே வைத்துக்கொள்.

அடுத்த வாரம் உன்னைக் கூப்பிடுவார்கள். அந்தக் கடிதத்தை முன்னால் வைத்து, இது நீ எழுதியதா என்று கேட்பார்கள். உன்னிடம் இருந்ததை அழித்துவிட்டாய், நான் அனுப்பியிருப்பது வெறும் பிரிண்ட்தான். பத்ரி சார் பக்கத்தில் இருப்பார். மார்ச்சில் உனக்குப் பரீட்சை. நான் எழுதவில்லை, அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஜோடித்தது என்று நீ சொன்னால், கைக்குழந்தைக்காரி ராத்திரியில் உட்கார்ந்து எதையோ டைப் அடித்தாள் என்று என்னை ஒதுக்கிவிடுவார்கள். பதிவேடுதான் நிற்கும். மஹாதான் குச்சியைப் பார்க்காதவள் ஆவாள்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. நானும் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. என்ன சொல்லப்போகிறாய் என்பதை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல். படப்பைக்குப் போய் அவர்களிடம் நான் ஒன்று சொல்லவேண்டும்.

சீக்கிரம் பதில் போடு.

ஹேமாவதி